சாவி யார் கையில்? பெங்களூரில் நெருக்கடிச் சொத்து வாங்குபவர்களுக்கு

பேங்க் ஏலத்தில் போனால் முப்பது சதவீதம் கம்மியாகக் கிடைக்கும் என்று கம்மனஹள்ளி டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. சில நேரம் கிடைக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏன் குறைகிறது? சாதாரணமாக வீடு விற்பவர் சில வேலைகளைச் செய்து தருவார். குடியிருப்பவரைக் காலி செய்வார், வரி பாக்கி, மெயின்டெனன்ஸ் பாக்கியைத் தீர்ப்பார், மூலப்பத்திரங்களைக் கையில் கொடுப்பார், நாளைக்கு வில்லங்கம் ஏதாவது வந்தால் தானே பொறுப்பு என்று கிரயப்பத்திரத்தில் எழுதியும் தருவார். நெருக்கடியில் விலைக்கு வரும் சொத்தில் இந்த வேலைகளில் பாதியோ முழுவதுமோ வாங்குபவர் தலையில் விழும். குறைகிற விலை அதற்கான கூலி. அதனால் விலையை மட்டும் வைத்து வழிகளை ஒப்பிடாதீர்கள். எந்த வழியில் யார் கையெழுத்துப் போடுகிறார், யார் சாவி தருகிறார் என்று பாருங்கள்.

நான் ஒரு வங்கியின் வாராக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஏல விளம்பரத்தில் ஒவ்வொரு வரியும் எதை மறைப்பதற்காக எழுதப்படுகிறது என்று ஓரளவு தெரியும். அல்சூரில் வீடு. இப்போது தங்கை வீட்டுக்காரரோடு சேர்ந்து இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுகளாகப் பார்த்து வாங்கி, சரிசெய்து, வாடகைக்கு விடுகிறோம், சிலவற்றை விற்கிறோம். பெரிய முதலீட்டாளருக்கு இதில் எழுதியிருப்பது பத்தாது. சொந்தச் சேமிப்பும் கொஞ்சம் கடனும் வைத்து இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கஷ்டம் சொந்தக்காரருக்கா, சொத்துக்கா? வேலை போய் தவணை கட்ட முடியாத ஐ.டி. பையன், ஆஸ்பத்திரிச் செலவில் மாட்டிய குடும்பம், பாகம் பிரிக்க அவசரப்படும் அண்ணன் தம்பிகள், இவர்களுடைய கஷ்டம் பணத்தால் தீரும். நீங்கள் பணத்தோடு போகிறீர்கள், வேலை முடிகிறது. ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் மேல் கட்டிய வீடு, அனுமதி தாண்டி எழுப்பிய நாலாவது மாடி, பவர் பத்திரத்தில் மட்டும் கைமாறிய ரெவின்யூ சைட் (விவசாய நிலத்தை மாற்றம் செய்யாமல் பிரித்து விற்ற மனை), இவை சொத்தின் கஷ்டம். பணம் போட்டாலும் தீராது. இரண்டும் ஒரே ஏலப் பட்டியலில், ஒரே மாதிரி எழுத்தில் வரும் என்பதுதான் சிக்கல்.

ஏலத்துக்கு முன்பே சொந்தக்காரரிடம் வாங்குவது

என்னைக் கேட்டால் முதல் முறை இறங்குகிறவருக்கு இதுதான் சரியான வழி. ஏலத்தில் குறைகிற அளவுக்கு விலை குறையாது. ஆனால் விற்பவர் எதிரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார், சாவியைத் தானே தருகிறார். அந்த இரண்டுக்கும் நான் சந்தோஷமாகவே அதிகம் கொடுப்பேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அடமானச் சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி எடுத்து விற்க வழிசெய்வது சர்பாசி சட்டம் 2002. வீட்டுக்கடன் வாராக்கடன் ஆனதும் வங்கி அதன் 13(2) பிரிவில் 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அதற்கும் பணம் வரவில்லையென்றால் 13(4)-ன்படி சுவாதீனம் எடுத்து, அந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், ஒன்று உள்ளூர் மொழியில். பெங்களூரில் அது ஒரு கன்னடப் பத்திரிகையும் ஒரு ஆங்கிலப் பத்திரிகையுமாக இருக்கும். கடன் வாங்கியவர் பெயர், பாக்கித் தொகை, நாலு பக்க எல்லை எல்லாம் அதில் இருக்கும். இந்த அறிவிப்புக்கும் ஏல விளம்பரத்துக்கும் நடுவில் உள்ள காலம்தான் உங்களுடையது. இன்னொரு நல்ல இடம் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர். யார் எத்தனை மாதம் மெயின்டெனன்ஸ் கட்டவில்லை என்று வங்கிக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

சொந்தக்காரரைப் பார்க்கப் போகும்போது தெரிந்தவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். கடன்காரராக ஏற்கெனவே எத்தனையோ பேர் கதவைத் தட்டியிருப்பார்கள், நீங்களும் அதில் ஒருவர் என்று நினைத்தால் பேச்சே நடக்காது. பேச்சு ஒத்துவந்தால் 13(2) நோட்டீஸின் நகலை வாங்குங்கள். அந்த நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவர் விற்கக்கூடாது என்று அதே சட்டத்தின் 13(13) பிரிவு சொல்கிறது. ஆகவே அடுத்த நடை அவரோடு சேர்ந்து வங்கிக் கிளைக்கு. கடனை முழுவதும் முடிக்க எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று கடிதம் வாங்க வேண்டும். வங்கி ஒருமுறைத் தீர்வுக்கு, அதாவது பாக்கியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கணக்கை முடிக்க, ஒப்புக்கொண்டால் இன்னும் குறையும். அந்தக் கடிதத்தில் உள்ள கெடுத் தேதியை அடிக்கோடிட்டு வையுங்கள், அது தவறினால் சலுகை போய்விடும்.

பணம் கொடுக்கும் முறையில் நான் ஒரு விஷயத்தில் இறங்கி வரமாட்டேன். அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூட சொந்தக்காரர் கையில் போகாது, கடன் கணக்குக்குத்தான் போகும். அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. நெருக்கடியில் இருப்பவருக்கு வங்கியைவிட அவசரமான கடன்காரர்கள் இருப்பார்கள், சீட்டுக்காரர், கைமாத்துக்காரர், வட்டிக்காரர் என்று. நீங்கள் கொடுத்த அஞ்சு லட்சம் அன்று சாயங்காலமே வேறு பக்கம் போயிருக்கும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். வங்கியில் அடமானம் வைத்த பத்திரங்களின் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கிரயத்தன்று அசல்கள் வரும்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிரயத்துக்கு முன்னால் பத்திரிகையில் ஒரு பொது அறிவிப்பும் கொடுங்கள். பழைய ஸ்டாம்ப் பேப்பரில் வேறு யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அப்போது கிளம்பி வருவார்கள். கிரயம் முடிந்த பிறகு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் டி.டி.எஸ்., அதாவது விலையில் நீங்கள் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, அதன் கணக்கு மாறும். உள்நாட்டுக்காரருக்கு 50 லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் 1 சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாடு வாழ் இந்தியருக்கு அந்த 50 லட்ச வரம்பு கிடையாது, விகிதமும் பல மடங்கு. வருமான வரித்துறையிடம் அவர் குறைந்த பிடித்தச் சான்று வாங்கி வந்தால் மட்டும் குறையும். பிடிக்கத் தவறினால் வரித்துறை உங்களைத்தான் கேட்கும்.

சர்பாசி ஏலம்

எல்லோரும் பேசுவது இதைத்தான். பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை இப்போது 'பேங்க்நெட்' தளத்தில் ஒரே இடத்தில் பார்க்கலாம், 2025 ஜனவரியில் வந்தது. தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்கள் தளங்களிலும் தனியார் ஏலத் தளங்களிலும் போடுகின்றன.

விளம்பரத்தில் ஃபோட்டோவையும் விலையையும் அப்புறம் பாருங்கள். முதலில் தேட வேண்டியது 'சுவாதீனம்' என்ற வரி. நேரடி சுவாதீனம் என்றால் வங்கி வீட்டைப் பூட்டி சாவியை வைத்திருக்கிறது. குறியீட்டு சுவாதீனம் என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறார், சாவி அவரிடம் இருக்கிறது. வங்கி 14-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, போலீஸ் துணையோடு காலி செய்ய வேண்டும். சட்டத்தில் 30 நாள், காரணம் எழுதி 60 நாள் வரை என்று இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கணக்கை நம்பி வட்டிக்குப் பணம் வாங்காதீர்கள். குறியீட்டு சுவாதீனத்தில், உள்ளே கடன் வாங்கியவரே இருக்கும் வீட்டுக்கு விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நாங்கள் கை வைப்பதில்லை. வக்கீலைக் கூடவே வைத்திருக்கும் பெரிய ஆட்களுக்கு அது சரிப்படும்.

இரண்டாவது, 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம். இதன் முழுப் பொருள், பாக்கிகள் உங்களுடையவை என்பதுதான். சொத்து வரி, அசோசியேஷன் பாக்கி, பெஸ்காம் என்கிற மின்வாரியத்தின் பாக்கி. இப்படி வாங்கிய இடத்தின் பழைய மின் கட்டணத்தை, விதிகளில் இடமிருந்தால் புதுச் சொந்தக்காரரிடமே கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் ஒரு கேரள வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விளம்பரத்தில் 'வங்கிக்குத் தெரிந்த வில்லங்கம்: இல்லை' என்று இருக்கும். நானே அப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன், பொய் இல்லை. வங்கிக்குத் தெரியாது என்றுதான் அதற்கு அர்த்தம், வில்லங்கம் இல்லை என்று அர்த்தம் இல்லை.

மூன்றாவது, பணக் கெடு. ஏலம் கேட்பதற்கு முன்வைப்புத் தொகை, பெரும்பாலும் ரிசர்வ் விலையில் (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) 10 சதவீதம். ஏலம் உங்களுக்கு விழுந்தால் அன்றைக்கோ அடுத்த வேலை நாளுக்குள்ளோ, முன்வைப்பையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதம், விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் நீட்டிக்கலாம், ஆனால் எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. கட்டத் தவறினால் கட்டியது போச்சு. ஆகவே கடன் வாங்கித்தான் மீதியைக் கட்டப்போகிறீர்கள் என்றால், ஏலத்துக்கு முன்பே எந்த வங்கி அந்தச் சொத்துக்குக் கடன் தரும் என்று பேசி முடித்துவையுங்கள். ஏலம் விடும் வங்கியே சில நேரம் தரும், கேட்டுப் பாருங்கள்.

ரிசர்வ் விலைக்குக் கீழே விற்க வேண்டுமானால் கடன் வாங்கியவர் சம்மதமும் வேண்டும், அதனால் 'கம்மி பண்ணுங்க சார்' என்று அதிகாரியிடம் பேரம் பேசிப் பயனில்லை. ஏலம் யாரும் கேட்காமல் போனால் அடுத்த தடவை ரிசர்வ் விலையையே குறைத்துப் போடுவார்கள். ஒரே ஃபிளாட் திரும்பத் திரும்ப விலை குறைந்து வருவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன கண்டார்கள் என்று விசாரியுங்கள். வாட்ச்மேனிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

பார்வையிடும் நாள் என்று விளம்பரத்தில் ஒரு தேதி இருக்கும். அன்றைக்குப் போங்கள், அதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலமும் நீங்களே போங்கள். விளக்கு எரிகிறதா, மீட்டர் ஓடுகிறதா, வாசலில் கோலம் இருக்கிறதா, மாடியில் துணி காய்கிறதா. பக்கத்து வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது, காவிரியா போர்வெல்லா டேங்கரா என்பதையும் கேட்டுவிடுங்கள். வைட்ஃபீல்டு, சர்ஜாபுரா பக்கம் வாடகை வருமானத்தைத் தீர்மானிப்பது பல நேரம் அந்த டேங்கர்தான்.

வழக்கு விஷயம். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வாங்கியவர் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, டி.ஆர்.டி. என்கிறோமே, அங்கே போகலாம். ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மும்பை வழக்கில் சொன்ன பிறகு ஏலத்தில் எடுத்தவர்கள் நிலை கொஞ்சம் பலமானது. ஆனால் ஏல நடைமுறையில் குறை என்று வழக்குப் போடுவதை அது தடுக்காது. நோட்டீஸ் சரியாகத் தரவில்லை, 30 நாள் அவகாசம் விடவில்லை, மதிப்பீடு தப்பு என்று ஏதாவது ஒன்று இருக்கும். எனவே ஏலத்துக்கு முன்பே அதிகாரியிடம் நேராகக் கேளுங்கள்: வழக்கு நிலுவையில் உள்ளதா, தடை உத்தரவு உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஏலம் ரத்தானால் அசல் திரும்ப வரும். அதற்கு வட்டி கிடையாது என்று பல விளம்பரங்களில் எழுதியே இருக்கும்.

லீஸ் குடும்பங்கள்

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது, பெங்களூர்க்காரருக்குச் சொல்லவே வேண்டாம். இங்கே பல நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் வாடகை கொடுப்பதில்லை, லீஸுக்கு இருப்பார்கள். பத்து, பதினைந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. கடன் முழுகப்போவதை உணர்ந்த சொந்தக்காரருக்கு இதைவிடச் சுலபமான பணம் இல்லை. லீஸுக்கு விட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வங்கி வரும்போது உள்ளே இருப்பது கடனுக்குச் சம்பந்தமே இல்லாத குடும்பம்.

வேலையில் இருந்தபோது லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டப் போனோம். கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள், அந்த அம்மா தையல் வேலை செய்கிறவர். "மேடம், நாங்க பன்னெண்டு லட்சம் குடுத்திருக்கோம், அந்தக் காசு யார் குடுப்பாங்க?" என்று கேட்டார். வங்கி தராது, ஏலத்தில் எடுப்பவரும் சட்டப்படி தர வேண்டியதில்லை, ஓடிப்போனவர் மேல் வழக்குப் போடலாம். இதைத்தான் சொல்ல முடிந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸ் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் அது வெறும் ஸ்டாம்ப் பேப்பரில்தான் இருக்கும். பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்து நீண்ட நாள் இருக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அடமானத்துக்கு முன்பே பதிவான லீஸ் என்றால் கதை வேறு, அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் குணம் எப்படியோ அப்படித்தான் செய்வீர்கள். எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். லீஸ் குடும்பம் இருக்கும் வீட்டை ஏலம் கேட்பதற்கு முன்பே, அவர்கள் வேறு வீடு பார்த்துப் போக ஒரு தொகையைக் கணக்கில் ஒதுக்கிவிடுகிறோம். எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதி, இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்கி, சாமான் லாரியில் ஏறிய அன்றைக்குக் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் இழந்ததற்கு அது ஈடாகாது. ஆனால் வழக்கைவிட எங்களுக்கு மலிவு, அவர்களுக்கும் அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு ஆகும். ஆள் வைத்து மிரட்டிக் காலி செய்யலாம் என்று சொல்லும் புரோக்கரோடு பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அது குற்றம், போலீஸ் கேஸ் உங்கள் பேரில்தான் வரும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

எச்.பி.ஆர். லேஅவுட்டில் ஒரு ஃபிளாட், வெளியில் 76 லட்சம் போகும், ஏலத்தில் 60-க்கு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பதினாறு லட்சம் லாபம் போலத் தெரியும். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேல் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன் மேல் செஸ், சர்சார்ஜ் சேர்த்து நகரத்தில் 5.6. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1-லிருந்து 2 சதவீதம் ஆகிவிட்டது. ஆக 7.6 சதவீதம், 4.56 லட்சம். பழைய பாக்கிகள் ஒன்றரை. பூட்டிக் கிடந்த வீட்டில் பிளம்பிங், ஒயரிங், பெயின்ட், மர வேலை மூன்று. காலி செய்ய, வக்கீலுக்கு ஒன்றரை. ஒன்பது மாதம் பணம் முடங்கினால் 9 சதவீத வட்டியில் நாலு லட்சத்துச் சொச்சம். கூட்டினால் ஏறக்குறைய 75. மிஞ்சுவது ஒரு லட்சத்துச் சில்லறை, அதற்கும் வரி. இதே வீட்டைச் சொந்தக்காரரிடம் நேரடியாக 66-க்குப் பேசி, பாக்கிகளை அவர் தொகையிலேயே கழித்து, இரண்டு மாதத்தில் வாடகைக்கு விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

வரியில் இரண்டு விஷயம் பலர் கவனிப்பதில்லை. பதிவுத்துறையின் கைடன்ஸ் மதிப்பு (அரசு வழிகாட்டி விலை) நீங்கள் கொடுத்த விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதையும் உங்கள் வருமானமாக வைத்து வரி கேட்கலாம். மலிவாக வாங்கியதற்கே வரி. ஆகவே ஏலம் கேட்கும் முன் அந்தத் தெருவின் கைடன்ஸ் மதிப்பைப் பார்த்துவிட்டு ஆடிட்டரிடம் பேசுங்கள். இன்னொன்று, 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப் விகிதத்தில் போகும். அதைத் தாண்டினால் 12.5 சதவீதம். வாங்கி உடனே விற்பதையே தொழிலாகச் செய்தால் வியாபார வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

டி.ஆர்.டி., கோர்ட்டு ஏலங்கள்

டி.ஆர்.டி.யின் மீட்பு அதிகாரி நடத்தும் ஏலம் வேறு, வங்கி தானே நடத்தும் சர்பாசி ஏலம் வேறு. இங்கேயும் 25 சதவீதம் உடனே, மீதி 15 நாளில். ஆனால் விற்பனை உடனே உறுதியாகாது. 30 நாளுக்குள் கடன் வாங்கியவர் பாக்கியைக் கட்டி, உங்களுக்கு ஏல விலையில் 5 சதவீதம் சேர்த்துக் கொடுத்து ஏலத்தை ரத்து செய்துகொள்ளலாம். சிவில் கோர்ட்டு ஏலத்திலும் இதே முறைதான், அவகாசம் மட்டும் 60 நாள். இழப்பில்லை, ஆனால் வீடு போய்விடும். உறுதியான பிறகு கோர்ட்டு அமீன் வந்து சுவாதீனம் எடுத்துத் தருவார் என்பது இதில் நல்ல அம்சம். சுவாதீனம் கேட்டு மனுப் போட ஒரு வருடம்தான், அதைத் தவறவிடாதீர்கள். குடும்பப் பாகப்பிரிவினை வழக்கில் ஏலத்துக்கு வரும் பழைய வீடுகள், ஸ்ரீராம்புரம், காக்ஸ் டவுன் பக்கம், இடம் அருமையாக இருக்கும். ஆனால் ஏதோ ஒரு வாரிசு எங்கேயோ இருப்பார். பொறுமையும் நல்ல சிவில் வக்கீலும் இருந்தால் போங்கள்.

திவால் சட்டத்தில் கலைக்கப்படும் கம்பெனிகளின் சொத்துகள் பெரும்பாலும் தொழிற்கூடம், மொத்தமாக நிலம் என்று வரும். மீதிப் பணத்துக்கு 90 நாள் கிடைக்கும், 30 நாளுக்கு மேல் ஆனால் 12 சதவீத வட்டியோடு. நம் அளவுக்கு இது ஆகாது.

பாதியில் நின்ற அபார்ட்மென்டில் சலித்துப்போன ஒருவரிடமிருந்து புக்கிங்கை வாங்குவதும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் திட்டத்தின் காலாண்டு அறிக்கையைப் பாருங்கள், கம்பெனி மேல் திவால் வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வாங்கியவர்களும் வங்கிகளைப் போல நிதிக் கடன் கொடுத்தவர்களே என்று 2018-ல் திவால் சட்டம் திருத்தப்பட்டதால், கடன் கொடுத்தவர்கள் குழுவில் உங்களுக்கு ஓட்டு உண்டு. ஓட்டு கிடைக்கும், வீடு எப்போது கிடைக்கும் என்பது தெரியாது. சாவியே இன்னும் செய்யப்படாத வீட்டை நான் வாங்குவதில்லை.

பெங்களூர்க் காகிதங்கள்

வங்கி கடன் கொடுத்திருக்கிறது, அப்படியானால் பத்திரம் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கடன் கொடுத்தபோது பார்த்த வக்கீல் அறிக்கை என்ன தரம் என்பது எங்களுக்குத் தெரியும். அதன் நகலைக் கேளுங்கள், பிறகு உங்கள் வக்கீலிடம் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவுத்துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று, முடிந்தால் 30 வருடத்துக்கு. பத்திரத்தை ஒப்படைத்து வைத்த பழைய அடமானங்கள் அதில் வராமல் இருக்கலாம், அதற்கு அடமானங்களுக்கான மத்தியப் பதிவேடான செர்சாயில் தேடுங்கள். ஒரே ஃபிளாட்டை இரண்டு இடத்தில் அடமானம் வைத்தவர்கள் இருக்கிறார்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் சொந்தக்காரர் பெயரைப் போட்டு வழக்கு இருக்கிறதா பாருங்கள். இ-காத்தா, அதாவது மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவு, இருக்கிறதா? அது விதிப்படி அமைந்த சொத்துக்கான ஏ-யா, குறை உள்ளதற்கான பி-யா? 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது, வரி ரசீது எந்த மாநகராட்சியில் வருகிறது என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட் என்றால் குடியேற்றச் சான்று, ஓ.சி. என்கிறார்களே, அது இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் ஓ.சி. இல்லாத கட்டடங்கள் எத்தனை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலையில் அதைக் கழியுங்கள்.

சைட் வாங்குவதாக இருந்தால் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். விவசாய நிலம் மாற்றம் செய்யப்பட்டதா, லேஅவுட்டுக்கு அனுமதி உண்டா. பவர் பத்திரம் மட்டும் இருந்தால் அது உரிமை தராது, 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நிலம் முன்பு பட்டியல் சாதியினருக்கு அரசு வழங்கியதாக இருந்தால், 1978-ன் கர்நாடகச் சட்டப்படி அனுமதியில்லாத விற்பனை செல்லாது. 2023 திருத்தத்துக்குப் பிறகு எத்தனை வருடம் ஆனாலும் கேள்வி எழுப்பலாம். ஏலத்தில் வாங்கினேன் என்பது அங்கே பாதுகாப்பு இல்லை. நியாயமும் அதுதான்.

சாவி கிடைத்த அன்றைக்கு

வங்கியிடம் விற்பனைச் சான்றிதழ் வாங்கி, முத்திரைத் தீர்வை கட்டிப் பதிவு செய்துவிடுங்கள், அது இல்லாமல் காத்தா மாற்றத்தில் இழுத்தடிப்பார்கள். அசல் பத்திரங்களைப் பட்டியல்படி எண்ணி வாங்குங்கள். உள்ளே பழைய சொந்தக்காரரின் சாமான் இருந்தால் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வங்கி அதிகாரி முன்னிலையில் பஞ்சநாமா (சாட்சிகளோடு எழுதும் பொருள் பட்டியல்) எழுதி, ஃபோட்டோ எடுத்து, சாமானை வங்கி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளைக்கு 'உள்ளே நகை இருந்தது' என்று புகார் வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். அன்றே பூட்டை மாற்றுங்கள். பெஸ்காமில் பெயர் மாற்ற எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் கார் பார்க்கிங். விற்பனைச் சான்றிதழில் ஃபிளாட் எண் இருக்கும், பங்கு நிலம் இருக்கும், பார்க்கிங் இடம் பல நேரம் இருக்காது. பழைய கிரயப்பத்திரத்தில் எந்த இடம் என்று பார்த்து, ஏலத்துக்கு முன்பே அதிகாரியிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். காலியாக இருந்த நாட்களில் அந்த இடத்தில் அசோசியேஷன்காரர் யாரோ ஒருவரின் இரண்டாவது கார் நிற்க ஆரம்பித்திருக்கும், அதை நகர்த்துவதற்கு உங்களுக்கு அந்த வரி வேண்டும்.